வீட்டில் பிள்ளை பராமரிப்பவருக்கு இணையவழிப் பயிற்சி: வன்னியில் புதிதாகத் தொடங்குவோருக்கு

அவசரத்துக்குப் பக்கத்து வீட்டுக் குழந்தையை ஒரு மணித்தியாலம் வைத்திருப்பது உதவி. ஆடைத் தொழிற்சாலைக்கும் நாற்று நடுகைக்கும் கந்தோருக்கும் போகும் தாய்மாரின் பிள்ளைகள் மூன்று நாலு பேரைக் காலை ஆறு மணியிலிருந்து மாலை ஐந்தரை வரை மாதக் காசுக்குப் பார்ப்பது தொழில். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் இந்தத் தொழிலைச் செய்யும் பெண்களுக்குக் கைமுதல், தம் பிள்ளைகளை வளர்த்த அனுபவம். அது பெரிய முதல்தான். ஆனாலும் சொந்தப் பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தால் ஒரு வீட்டோடு நிற்கும். நாலு வீட்டுப் பிள்ளைகள் ஒரே பாயில் படுத்து ஒரே கோப்பையில் தண்ணீர் குடிக்கும் இடத்தில் அது நாலு வீட்டுக்கும் போகும். அந்த வித்தியாசத்தைக் கையாளத்தான் பயிற்சி வேண்டும். மாங்குளத்திலோ முழங்காவிலிலோ இருந்துகொண்டு அந்தப் பயிற்சியின் பெரும்பகுதியை இன்று ஒரு போனில் படிக்கலாம்.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பாடங்கள் வேறொரு நாட்டு வீட்டை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அந்த வீட்டில் கிணறு இல்லை, ஏணை இல்லை, தகரக் கூரை இல்லை. படித்ததை உங்கள் குசினிக்கும் கிணற்றடிக்கும் கொண்டுவந்து பொருத்துவது பயிற்சியில் பாதி வேலை. அந்தப் பாதியை யாரும் உங்களுக்குக் காணொளியில் காட்டமாட்டார்கள். அதனால் இங்கே அதைத்தான் கூடுதலாகச் சொல்கிறோம்.

முதலில் பிரதேச செயலகம், பிறகு போன்

எந்தப் பாடநெறியிலும் பெயர் பதியுமுன் அரை நாள் ஒதுக்கி உங்கள் பிரதேச செயலகத்துக்குப் போங்கள். முன்பிள்ளைப் பருவ அபிவிருத்திக்குப் பொறுப்பான உத்தியோகத்தரையும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் சந்தியுங்கள். கேட்கவேண்டியவை மூன்று. வீட்டில் இத்தனை பிள்ளைகளைப் பார்க்கப் பதிவு தேவையா, தேவையென்றால் எங்கே? இந்த ஆண்டு நம் பிரதேசத்தில் இலவசப் பயிற்சி ஏதும் வருகிறதா? எந்த நிறுவனத்தின் சான்றிதழை நீங்கள் ஏற்றுக்கொள்வீர்கள்? மூன்றாவது கேள்வியைக் காசு கட்டிய பிறகு கேட்பவர்களே அதிகம். பதிலைத் திகதியோடு கொப்பியில் எழுதிவையுங்கள். உத்தியோகத்தர் மாறினாலும் அந்தக் குறிப்பு உங்களிடம் இருக்கும்.

அதே கிழமையில் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமும் சொல்லிவிடுங்கள். பிள்ளைகளின் நிறையை எடுப்பவர், தடுப்பூசித் திகதியை அறிந்தவர், பிள்ளை சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டை வாசித்து விளக்கக்கூடியவர் அவர்தான். இணையப் பாடத்தில் எழும் சந்தேகங்களில் பாதியை அவரிடமே கேட்டுத் தீர்த்துக்கொள்ளலாம்.

எதை முதலில் படிப்பது

பாடநெறித் தளங்களைத் திறந்தால் ‘படைப்பாற்றல் விளையாட்டு’, ‘மூளை வளர்ச்சி’ போன்ற தலைப்புகள் முதலில் கண்ணைப் பறிக்கும். அவையும் வேண்டும். ஆனால் முதல் மாதத்துக்கு அவற்றைத் தள்ளிவையுங்கள். முதலில் உயிர் காக்கும் பாடங்கள்: பாதுகாப்பான வீடு, முதலுதவி, பாதுகாப்பான உறக்கம், கை கழுவுதலும் தொற்றும், உணவும் தொண்டை அடைப்பும். இரண்டாவதாகச் சிறுவர் பாதுகாப்பு, அதாவது துன்புறுத்தலின் அடையாளங்களும் அறிவிக்கும் முறையும். மூன்றாவதாக வயதுக்கேற்ற வளர்ச்சிப் படிகள். நாலாவதாக அடிக்காமல், வெருட்டாமல் பிள்ளையை வழிநடத்துவது. பெற்றோருடனான உடன்பாடு, கணக்கு, பதிவேடு எல்லாம் கடைசியில் வரலாம்.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் உலக வங்கியும் 2018இல் வெளியிட்ட பராமரிப்புச் சட்டகத்தில் ஐந்து கூறுகள் உள்ளன: நல்ல சுகாதாரம், போதிய ஊட்டம், பிள்ளையின் சைகைக்கு மறுமொழி தரும் பராமரிப்பு, பாதுகாப்பு, ஆரம்பக் கற்றல் வாய்ப்பு. நீங்கள் தெரிவுசெய்த பாடநெறியின் உள்ளடக்கப் பட்டியலை இந்த ஐந்தோடு ஒப்பிடுங்கள். எது விடுபட்டிருக்கிறதோ அதை வேறிடத்தில் படிக்கவேண்டும்.

எவ்வளவு படித்தால் போதும் என்பதற்கு ஒரு அளவுகோல் உண்டு. அமெரிக்காவில் சிடிஏ என்ற பிள்ளைப் பராமரிப்புத் தகைமைக்கு 120 மணித்தியாலப் பாடம் கேட்கிறார்கள். எட்டுத் துறைகளில் ஒவ்வொன்றிலும் குறைந்தது 10 மணித்தியாலம் இருக்கவேண்டும். அதற்கு மேல் 480 மணித்தியாலம் பிள்ளைகளோடு வேலை செய்த அனுபவமும் வேண்டும். வெளிநாட்டிலுள்ள உறவினர் ‘அதையே எடு’ என்று சொன்னால் அவசரப்படவேண்டாம். அது அந்த நாட்டு வேலைக்கானது, நேரில் வந்து பார்க்கும் மதிப்பீடும் அதில் உண்டு. ஆனால் 120 மணித்தியாலம் என்ற அளவு நல்ல இலக்கு. கிழமைக்கு 4 மணித்தியாலம் படித்தால் 30 கிழமை, ஏறத்தாழ ஏழு மாதம். முதல் 30 மணித்தியாலத்தை மேலே சொன்ன உயிர் காக்கும் பாடங்களுக்கே கொடுங்கள்.

பாடநெறியைத் தெரிவுசெய்தல்

சான்றிதழ்கள் எல்லாம் ஒரே நிறையுடையவை அல்ல. பங்குபற்றியதற்குத் தரும் தாள் ஒன்று. பரீட்சையோ ஒப்படையோ முடித்ததற்குத் தருவது இன்னொன்று. என்.வி.கியூ எனப்படும் தேசிய தொழிற்தகைமை மூன்றாவது. அரசாங்க வேலைக்கோ பதிவுக்கோ பெறுமதி கூடியது கடைசியாகச் சொன்னது. அதை உங்களது திறனைச் சோதித்துத்தான் தருவார்கள். காணொளி பார்த்து மட்டும் அது கிடைக்காது. 1990ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பயிற்சி நிறுவனங்கள் பதிவாகவேண்டும். ‘என்.வி.கியூ தருகிறோம்’ என்று வட்ஸ்அப்பில் விளம்பரம் வந்தால் நிறுவனத்தின் பதிவிலக்கத்தைக் கேட்டு, ஆணைக்குழுவின் தளத்திலுள்ள பட்டியலில் பாருங்கள். இலக்கம் தரத் தயங்கினால் அத்தோடு விட்டுவிடுங்கள். தனியாள் வங்கிக் கணக்குக்கு முழுக் கட்டணத்தையும் முன்கூட்டிக் கேட்பதும், இரண்டு நாளில் டிப்ளோமா என்பதும் இதே வகை.

அறிவுக்காகப் படிக்க நல்ல இலவச இடங்கள் உள்ளன. ஓகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் வேர்ச்சுவல் லாப் ஸ்கூலில் வீட்டில் பிள்ளை பார்ப்பவர்களுக்கென்றே தனிப் பாடத்தொகுதி இருக்கிறது. அதில் எழுத்து அதிகம், டேட்டாவும் குறைவாகத்தான் போகும். பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகத்தின் ஓப்பன்லேர்னில் பிள்ளை வளர்ச்சிப் பாடங்களை முடித்தால் பங்குபற்றல் சான்று இலவசம். யுனிசெஃபின் அகோரா என்ற தளத்திலும் பாடங்கள் இலவசம். அலிசன் என்ற தளத்தில் படிப்பதற்குக் காசு இல்லை, சான்றிதழுக்குக் காசு கேட்பார்கள். கோசேரா என்ற தளத்திலும் சான்றிதழுக்குப் பெரும்பாலும் கட்டணம் உண்டு. தொடக்கத்தில் இப்படிப்பட்ட தாளுக்குக் காசு செலவழிக்கவேண்டாம் என்பதே எங்கள் கருத்து. அந்தக் காசில் ஒரு வெப்பமானியும் முதலுதவிப் பெட்டியும் வாங்கலாம்.

போன், டேட்டா, பெயர்

கணினி கட்டாயமில்லை. திரை உடையாத ஒரு திறன்பேசியும், 2 ஜிபி அளவு வெற்றிடமும், காதில் மாட்டும் ஹெட்செற்றும் போதும். காணொளியை 360 என்ற தரத்தில் பார்த்தால் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 300 எம்பி போகும். 720இல் பார்த்தால் அதைப்போல் மூன்று நாலு மடங்கு. யூடியூப் தானாகவே தரத்தை உயர்த்திக்கொள்ளும், ஆகவே ஒவ்வொரு தடவையும் கையால் குறையுங்கள். கிழமைக்கு 4 மணித்தியாலம் என்றால் மாதம் 5 ஜிபி போதும். சூம் வகுப்பில் உங்கள் கமராவை மூடி வையுங்கள். ஆசிரியர் கேட்கும்போது மட்டும் திறக்கலாம். சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில், இரவு வெகு நேரத்துக்குப் பிறகு அல்லது விடியற்காலையில் பாடங்களைத் தரவிறக்கி வைத்தால் மாரியில் லைன் போகும் நாட்களிலும் படிப்பு நிற்காது.

படிக்கும் நேரம் எது என்பதில் விட்டுக்கொடுக்கவேண்டாம். பிள்ளைகள் மத்தியானம் நித்திரையாகும் நேரம் படிப்புக்கு வசதிபோலத் தோன்றும். அது படிப்பு நேரமில்லை. ஹெட்செற் காதில் இருக்கும்போது தொண்டை அடைபட்ட பிள்ளையின் சத்தம் கேட்காது, அடைபட்ட பிள்ளை பெரும்பாலும் சத்தமே போடாது. கடைசிப் பிள்ளை வீட்டுக்குப் போன பிறகு, இரவு எட்டரைக்கு மேல் ஒரு மணித்தியாலம் எடுங்கள். இன்னொன்று: படிக்கும் போனைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடாதீர்கள். இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நாலு வயதுவரை நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 பரிந்துரை.

பெயர் பதியும்போது பலர் தடுக்கி விழுகிறார்கள். நம் பெயரில் தந்தை பெயரின் முதலெழுத்து முன்னால் வரும். படிவமோ ‘முதற்பெயர்’, ‘குடும்பப்பெயர்’ என்று கேட்கும். முதற்பெயரில் உங்கள் பெயரையும், குடும்பப்பெயரில் தந்தையின் பெயரை முழுதாகவும் எழுதுங்கள். திருமணத்துக்குப் பின் கணவர் பெயரைச் சேர்த்திருந்தால் அடையாள அட்டையில் எது உள்ளதோ அதுவே. ஆங்கில எழுத்துக்கூட்டல் உங்கள் கடவுச்சீட்டிலோ சாதாரண தரச் சான்றிதழிலோ உள்ளபடி இருக்கட்டும். ஒரு சான்றிதழில் ஒரு விதமாகவும் இன்னொன்றில் வேறு விதமாகவும் பெயர் இருந்தால், பிற்பாடு இரண்டும் ஒரே ஆளுடையது என்று காட்ட சத்தியக்கடதாசி தேவைப்படலாம். மின்னஞ்சலும் அப்படியே. கடையில் திறந்து தந்த மின்னஞ்சலின் கடவுச்சொல் பிறகு யாருக்கும் தெரியாது. நீங்களே திறந்து, கடவுச்சொல்லைக் கொப்பியின் பின் அட்டையில் எழுதாமல் வீட்டில் பத்திரமான வேறிடத்தில் எழுதிவையுங்கள்.

ஆங்கிலப் பாடத்தைத் தமிழில் விளங்கிக்கொள்ளுதல்

நல்ல பாடங்கள் பல ஆங்கிலத்தில்தான் உள்ளன. காணொளியின் எழுத்தைத் தானாகத் தமிழாக்கும் வசதியும், போன் கமராவை எழுத்துமேல் பிடித்தால் மொழிபெயர்க்கும் வசதியும் கைகொடுக்கும். ஆனால் இயந்திர மொழிபெயர்ப்பு பிள்ளைப் பராமரிப்பில் ஆபத்தான இடங்களில் பிழைவிடும். அடிக்கடி வரும் சில சொற்களைச் சொல்கிறோம்.

‘டம்மி டைம்’ என்பது வயிற்று நேரம் என்று வரும். பிள்ளை விழித்திருக்கும்போது குப்புறக் கிடத்தி, பக்கத்தில் இருந்து விளையாட விடுவதே அது. இன்னும் தவழாத குழந்தைக்கு நாள் முழுவதிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி 30 நிமிடமாவது வேண்டும். விழித்திருக்கும்போது மட்டும்தான். இந்த ஒரு வார்த்தையை விட்டு வாசித்துவிட்டுக் குழந்தையைக் குப்புறப் படுக்கவைத்து நித்திரையாக்கினால் பாடம் சொன்னதற்கு நேர் எதிரானதைச் செய்துவிடுவீர்கள். ‘ஃபோர்முலா’ என்பது சூத்திரம் என்று வரும். அது பால்மா. ‘கிரிப்’ என்பது தொட்டில் என்று வரும். அது ஆடாத, கம்பி வைத்த சமதளக் கட்டில். நம் ஏணையோ ஆடும் தொட்டிலோ அல்ல. ‘டிசிப்ளின்’ தண்டனை என்று வரும். பாடம் சொல்வது, எது சரி என்று பிள்ளைக்குப் பழக்குவதை. ‘சொலிட்ஸ்’ திண்மங்கள் என்று வரும். அது தாய்ப்பாலுக்கு மேலதிகமாகக் கொடுக்கும் மசித்த உணவு.

கொப்பியின் கடைசி நாலு பக்கத்தைச் சொற்பட்டியலுக்கு ஒதுக்குங்கள். விளங்காத சொல், இயந்திரம் தந்த தமிழ், உண்மையில் அது என்ன என்று மூன்று நிரல். ஊரில் மாதர் அபிவிருத்திச் சங்கம் இயங்கினால், அதே தொழில் செய்யும் மூன்று நாலு பேராகச் சேர்ந்து ஒரு பாடத்தைக் கிழமைக்கு ஒருநாள் கூடிப் பேசுங்கள். ஆங்கிலம் படித்த பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால் அதை வாசிக்கச் சொல்லலாம், கருத்தை நீங்கள்தான் எடுக்கவேண்டும்.

எண்களை ஊருக்கு மாற்றுதல்

பாடத்தில் வரும் எண் எதுவாக இருந்தாலும், அது எந்தக் காலநிலைக்கும் எந்த அளவைக்கும் சொல்லப்பட்டது என்று பாருங்கள். காய்ச்சல் 100.4 என்று வந்தால் அது பாரன்ஹைட், நம் வெப்பமானியில் 38 பாகை செல்சியஸ். மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 காட்டினால் வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடாது, தாய்க்கு அறிவித்துக்கொண்டே வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவேண்டும். ஒரு அவுன்ஸ் ஏறத்தாழ 30 மில்லிலீற்றர். அவசர இலக்கம் 911 என்றோ 999 என்றோ வரும். நமக்கு அது 1990, சுவசெரிய அம்புலன்ஸ், இலவசம்.

கறந்து வைத்த தாய்ப்பாலை வெளியில் 4 மணித்தியாலம் வைக்கலாம் என்று பல பாடங்கள் சொல்லும். அது 25 பாகைக்கு அல்லது அதற்குக் குறைந்த அறைவெப்பத்துக்கான கணக்கு. சித்திரை வைகாசியில் நம் தகரக் கூரையின் கீழே அந்த வெப்பம் காலை எட்டு மணியோடு கடந்துபோய்விடும். ஆகவே தாய் பாலை ஐஸ் வைத்த குளிர்ப்பெட்டியில் கொண்டுவரவேண்டும், உங்களிடம் வந்தவுடன் குளிர்சாதனப் பெட்டிக்குள் போகவேண்டும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் கறந்த பாலைப் பொறுப்பேற்க வேண்டாம். தாய் இடையில் வந்து கொடுக்க வழி உண்டா என்று பேசுங்கள். பிள்ளை குடித்து மிச்சம் விட்ட பாலை 2 மணித்தியாலத்துக்குப் பிறகு திரும்பக் கொடுக்கக்கூடாது.

வயிற்றோட்டத்துக்கு ‘ஓ.ஆர்.எஸ்.’ என்று பாடத்தில் வருவது நம் கடையில் கிடைக்கும் ஜீவனி. ஒரு பைக்கற்றுக்குக் கொதித்தாறிய தண்ணீர் சரியாக 1 லீற்றர். பாதிப் பைக்கற்றை ஒரு கோப்பையில் கலக்குவது பெரும் பிழை, உப்பின் அளவு கூடிப்போகும். கரைத்ததை 24 மணித்தியாலத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

பாடத்தில் இல்லாதவை

ஏணையில் இருந்து தொடங்குவோம். பிள்ளை ஏணையில் கெதியாக நித்திரையாகும் என்பது உண்மை. ஆனால் துணி வளைந்து தாழும்போது சிறு குழந்தையின் நாடி நெஞ்சில் போய் முட்டும், மூச்சுக்குழாய் மடங்கும். சொந்த வீட்டில் தாய் பக்கத்திலேயே இருந்து ஆட்டுவது வேறு. நாலு பிள்ளைகளைப் பார்க்கும் நீங்கள் கண்ணை எடுக்கவேண்டி வரும். ஆகவே ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளையைப் பாய்மேல் மெல்லிய விரிப்பில், மல்லாக்க, தலையணையோ பொம்மையோ இல்லாமல், இழுத்துக் கட்டிய நுளம்பு வலைக்குள் படுக்கவையுங்கள். பழக்கமில்லாத பிள்ளை முதல் கிழமை அழும். தாய்க்கு முதலிலேயே காரணத்தைச் சொல்லிவைத்தால் அவரும் வீட்டில் அதையே செய்யத் தொடங்குவார். அம்மம்மாக்களிடம் இதைச் சொல்வது கடினம். குடும்பநல உத்தியோகத்தரைக்கொண்டு சொல்விப்பது நல்ல வழி.

தேன் வன்னிக்குப் பெருமை. ஆனால் ஒரு வயது முடியும்வரை பிள்ளையின் நாக்கில் தேனைத் தடவவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரந்து தசைகளைத் தளர்த்திவிடும். காய்ச்சினாலும் அந்த வித்துச் சாவதில்லை. கச்சான், முழுக் கடலை, நாவற்பழக் கொட்டை, புளியங்கொட்டை, ரம்புட்டான் கொட்டை ஆகியவை தொண்டை அடைப்புக்குக் காரணமாகும். பாடத்தில் முந்திரிகைப்பழத்தை (திராட்சையை) நீளவாக்கில் நாலாக வெட்டச் சொல்வதன் காரணத்தைப் பிடித்துக்கொண்டால் எந்த ஊர்ப் பழத்துக்கும் அதைப் பொருத்தலாம்: உருண்டையாய், வழுக்குவதாய், பிள்ளையின் தொண்டை அளவில் இருப்பது எதுவும் ஆபத்து.

கிணறு. கட்டு இருந்தாலும் இரண்டரை வயதுப் பிள்ளை வாளியைக் கவிழ்த்துவைத்து அதில் ஏறிவிடும். கம்பிவலை மூடி போடுங்கள், கிணற்றடிக்குப் போகும் வழியில் பூட்டுள்ள படலை வையுங்கள். துலாவும் கயிறும் எட்டாத உயரத்தில் நிற்கட்டும். வாளித் தண்ணீரும் ஆபத்து என்று பாடங்கள் சொல்லும், அது சரி. சில அங்குலத் தண்ணீரில் தலைகீழாக விழுந்த குழந்தையால் எழும்ப முடியாது. குளித்து முடித்ததும் வாளியைக் கவிழ்த்துவிடுங்கள்.

மண்ணெண்ணெயையும் களைநாசினியையும் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. வீட்டில் ஒருவரும் அப்படி வைக்கக்கூடாது. பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுப்பிக்கக்கூடாது, பால் பருக்கக்கூடாது. மண்ணெண்ணெய் திரும்பி வரும்போது நுரையீரலுக்குள் போய்விடும். 1990க்கு எடுங்கள், போத்தலையும் கையோடு கொண்டுபோங்கள்.

பாம்பு கடித்தால் வெட்டுவதோ இறுக்கிக் கட்டுவதோ உறிஞ்சுவதோ வேண்டாம். கடிபட்ட கையை அல்லது காலை அசையவிடாமல் பிடித்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வைத்தியசாலைக்குப் போகவேண்டும். விறகுக் குவியலும் பழைய ஓலையும் விளையாடும் இடத்திலிருந்து தள்ளி இருக்கட்டும்.

இன்னொன்று எந்த வெளிநாட்டுப் பாடத்திலும் வராது. மிதிவெடியும் வெடிக்காத எறிகணையும் அகற்றும் வேலை நம் மண்ணில் இன்னும் முடியவில்லை. மழைக்குப் பிறகு மண் கரைந்து பழைய இரும்பு வெளியில் தெரியும். மூன்று வயதிலிருந்தே பிள்ளைகளுக்கு மூன்று சொல்லைப் பாட்டுப்போலச் சொல்லிக்கொடுங்கள்: தொடாதே, எறியாதே, வந்து சொல். நீங்களும் அதை நகர்த்தாமல் பிள்ளைகளை வந்த வழியே திருப்பி அழைத்துக்கொண்டு 119இல் பொலிசுக்கு அறிவியுங்கள்.

எத்தனை பிள்ளைகளை எடுப்பது என்பதையும் இந்த ஆபத்துகளை வைத்தே தீர்மானியுங்கள். தனி ஆளாக இருந்தால் இரண்டு வயதுக்குக் குறைந்தவர்கள் இருவருக்கு மேல் வேண்டாம். குசினியில் தீப்பிடித்தால் இரண்டு கைகளில் இரண்டு பிள்ளைகளைத்தான் தூக்கிக்கொண்டு ஓடலாம்.

கையால் பழகவேண்டியது

முதலுதவியைக் காணொளியில் பார்த்தால் தெரிந்ததுபோல இருக்கும். உண்மையான பிள்ளைமேல் கை எவ்வளவு அழுத்தவேண்டும் என்பது கைக்குத்தான் தெரியவேண்டும். இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கமும் சென் ஜோன் அம்புலன்சும் முதலுதவிப் பயிற்சி நடத்துகின்றன. நாலைந்து பேராகச் சேர்ந்து கேட்டால் ஒழுங்குசெய்வது இலகு. பயிற்சிக்குப் போகுமுன் இணையத்தில் பார்த்துவிட்டுப் போனால், அங்கே முழு நேரத்தையும் பொம்மைமேல் பழகச் செலவழிக்கலாம்.

அங்கே கட்டாயம் பழகவேண்டியவை இரண்டு. ஒன்று தொண்டை அடைப்பு. ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தையை முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ இருக்கும்படி பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடியால் 5 தட்டு. வெளியேறாவிட்டால் நிமிர்த்தி மார்பின் நடுவில் 5 அழுத்தம். ஒரு வயதுக்கு மேல் என்றால் முதுகில் 5 தட்டும், பின்னால் நின்று வயிற்றில் 5 உட்தள்ளலும். வாய்க்குள் தெரியாத பொருளைத் தேடி விரல் விடக்கூடாது, இன்னும் உள்ளே போய்விடும். மற்றது நெஞ்சழுத்தம். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, குழந்தைக்கு ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர் ஆழம், பெரிய பிள்ளைக்கு ஏறத்தாழ 5, தனியாளாக இருந்தால் 30 அழுத்தத்துக்கு 2 ஊதல். இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை திரும்பப் போய்ப் பழகுங்கள். கை மறந்துவிடும்.

பதிவுக் கொப்பி

ஒவ்வொரு பாடம் முடிந்ததும் அன்றைக்கே எழுதுங்கள்: திகதி, பாடத்தின் பெயர், எடுத்த நேரம், நாளைக்கு வீட்டில் மாற்றப்போகும் ஒரு காரியம். நாலாவது நிரல்தான் முக்கியம். ‘கை கழுவுதல், 45 நிமிடம், குழாயடியில் சவர்க்காரத்தைப் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் கயிற்றில் கட்டினேன், 20 விநாடி பாட்டுப் பழக்கினேன்’ என்று ஒரு வரி போதும். அந்த நிரல் தொடர்ந்து வெறுமையாக இருந்தால், நீங்கள் வினாக்களுக்கு விடை மட்டும் அழுத்திக்கொண்டு போகிறீர்கள் என்று விளங்கும். மூன்றாம் கிழமையில்தான் பெரும்பாலோர் விடுவார்கள். நீண்ட பாடத்தை எடுத்ததே காரணம். முதலில் இரண்டு மணித்தியாலத்தில் முடியும் பாடம் ஒன்றை எடுத்து முடித்துவிட்டுப் பெரியதுக்குப் போங்கள்.

சில பாடநெறிகள் பிள்ளைகளோடு நீங்கள் வேலைசெய்யும் படமோ காணொளியோ அனுப்பச் சொல்லும். தாய் அல்லது தந்தையின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் அனுப்பக்கூடாது. சம்மதம் இருந்தாலும் முகம் தெரியாமல் எடுங்கள், குளிக்கும் உடைமாற்றும் படங்கள் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம், வட்ஸ்அப் குழுவில் போடவேண்டாம். ஆசிரியர் வற்புறுத்தினால் பொம்மையை வைத்துச் செய்துகாட்டலாமா என்று கேளுங்கள்.

சான்றிதழ் வந்ததும் போனில் மட்டும் விட்டுவைக்காமல் அச்செடுத்துக் கோப்பில் போடுங்கள். சரிபார்க்கும் இணைப்பு முகவரியையும் அதன் பின்புறத்தில் எழுதுங்கள். கொப்பியும், முதலுதவிச் சான்றும், பெற்றோரின் கடிதங்களும், உங்கள் நாளாந்த நேரசூசியும் ஒரே கோப்பில் இருந்தால், பின்னாளில் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையிலோ தொழிற்பயிற்சி அதிகார சபையிலோ முன் அனுபவத்தை அங்கீகரிக்கும் வழியில் தகைமைக்கு விண்ணப்பிக்கும்போது அதுவே உங்கள் சாட்சி. மாவட்ட அலுவலகத்துக்குப் போகும்போது மூலப்பிரதியும் நிழற்பிரதியும் இரண்டையும் கொண்டுபோங்கள்.

கோப்பின் முதற் பக்கத்தில் பெரிய எழுத்தில் நாலு வரி ஒட்டுங்கள். அம்புலன்ஸ் 1990. பொலிஸ் 119. பிள்ளை துன்புறுத்தப்படுவதாகச் சந்தேகம் வந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929, தமிழிலேயே பேசலாம். நாலாவது வரியில் ஒவ்வொரு பிள்ளையின் பெயரும், தாயின் வேலையிட இலக்கமும், பிள்ளைக்கு ஒவ்வாத மருந்தும் உணவும். அதே தாளை இன்னொரு பிரதி எடுத்துக் குசினிச் சுவரில், நீங்கள் இல்லாத நேரம் வீட்டில் நிற்பவர் கண்ணில் படும் உயரத்தில் ஒட்டுங்கள். தொழிற்சாலையில் தாய்மாரின் போனை வாசலில் வாங்கிவைப்பதுண்டு. ஆகவே அவரது சொந்த இலக்கம் மட்டும் போதாது, மேற்பார்வையாளரின் அல்லது அலுவலகத்தின் இலக்கத்தையும் கேட்டு வாங்குங்கள், பிள்ளையைப் பொறுப்பேற்கும் முதல் நாளே ஒரு தடவை அழைத்துப் பாருங்கள்.